கரண்ட் போகட்டும்

பெய்ரூட்டில் அழகுநிலையம் நடத்தும் விதாத் எதையும் அழகு பார்த்து வாங்குகிறவர் அல்ல. பாடாய்ப் படுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். வீட்டுக்கு இசைத்தட்டு பிளேயர் வாங்கப் போனபோதும் அப்படித்தான். கடைக்காரர் நஸீப் நடுத்தர விலையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் தொட்டால் ஒளிரும் பொத்தான்கள். இன்னொன்றில் திருகிவிட்டால் அப்படியே நிற்கும் சாதாரண சுவிட்ச்.

“ரெண்டையும் ஓடவிடு தம்பி. கரண்ட் போகட்டும், அப்புறம் சொல்றேன்.”

“ஊரே கரண்ட் வரணும்னு வேண்டிக்குது, நீங்க போகணும்னு உட்கார்ந்திருக்கீங்களே மதாம்!”

“பேச்சைக் குறை. காபி கொண்டு வா.”

காபி தீரும்முன், அந்த ஊரின் அன்றாட வழக்கப்படி, மின்சாரம் போனது. இரண்டு தட்டுகளும் இழுத்து முனகி நின்றன. சற்று நேரத்தில் தெருமுனை ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் எரிந்தன. பொத்தான் வைத்தது கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது. சுவிட்ச் வைத்ததோ தானாகவே வேகம் பிடித்து, விட்ட வரியிலிருந்து பாடத் தொடங்கியது.

“அதையும் இன்னொரு தடவை அழுத்தினா பாடும் மதாம்” என்றார் நஸீப்.

விதாத் கைப்பையைத் திறந்தார். “பாடுறதையே கட்டு. என் வீட்டுல யாருக்கும் ரெண்டாவது தடவை சொல்ற வழக்கம் இல்ல.”