நான் திருத்திக் கொடுத்த பொய்

தேன்மொழியை ஏமாற்றியவர்களுக்கு அவள் வீட்டு விவரங்களைச் சொன்னது நான்தான். கலா அல்ல... நான்!

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லத்தில் எங்கள் வீட்டு மாடியில் அந்த இரண்டு பெண்களும் வாடகைக்கு இருந்தார்கள். செய்யாறு பக்கத்துக்காரர்கள், பள்ளித் தோழிகள், ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வயல் எந்தக் கம்பெனிக்குப் போனது, ஏரி எந்த மாதம் நிரம்பியது, யார் எந்தக் கிழமை இறந்தார்... எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். யாராவது நாளைத் தவறாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. வரலாறு நிறையப் படித்ததால் வந்த கர்வம் அது.

ஒரு மத்தியானம் போன் வந்தது. மரியாதையான குரல்.

“வீட்டு ஓனருங்களா சார்? தேன்மொழி மேடத்தோட அப்பா விஷயமா ஒரு வெரிபிகேஷன். தை மாசம் ஹார்ட் அட்டாக்ல தவறிட்டாரு, கரெக்டுங்களா?”

“தையா? யாரு சொன்னது? ஆடி கடைசி வெள்ளி. ட்ராக்டர் கவுந்து செத்தாரு. நானே சாவுக்குப் போயிருந்தேன்.”

“சொந்த ட்ராக்டரா சார்?”

“சொந்தம்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கனது.”

“உங்கள மாதிரி கரெக்டா சொல்ற ஆளே இல்ல சார்!”

நீங்களாக இருந்தால் யார் நீ, எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டிருப்பீர்கள். நான்... மகிழ்ந்துபோனேன்! அவன் வேண்டுமென்றே தப்பாகக் கேட்கிறான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதே வாரம் தேன்மொழிக்கு போன். அப்பா ட்ராக்டருக்கு வாங்கிய கடன் பாக்கி, வாரிசு அவள், கட்டாவிட்டால் கம்பெனி வாசலுக்கே போலீஸ் வரும் என்றார்கள். கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவளுக்கு வாசலில் ஒரு கூச்சல் போதும், வேலை போய்விடும். தங்கையின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அனுப்பினாள். வட்டி என்றார்கள், அனுப்பினாள். கேஸ் செலவு என்றார்கள், கம்மலை அடகு வைத்து அனுப்பினாள். ரசீது கேட்டாள். அதோடு அவர்கள் போன் அணைந்துபோயிற்று.

கடன் பத்திரத்தைக் காட்டு என்று கேட்டிருக்கலாம். கடன் கொடுத்ததாகச் சொன்ன நிறுவனத்துக்கே போய் விசாரித்திருக்கலாம். பணம் ஏன் ஒரு தனி ஆளின் போன் எண்ணுக்குப் போகிறது என்று யோசித்திருக்கலாம். ஏன் யோசிக்கவில்லை? மாடிப்படியில் உட்கார்ந்து அழுதபடி அவளே சொன்னாள்.

“ஆடி கடைசி வெள்ளின்னு நாள் மொதக்கொண்டு சொன்னானுங்கண்ணா. ட்ராக்டர் செகண்ட் ஹேண்டுன்னு கூடத் தெரிஞ்சிருக்குது. ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்காமயா சொல்லுவானுங்கன்னு நம்பிட்டேன்.”

பிறகு கலாவின் பக்கம் திரும்பினாள்.

“இங்க இதெல்லாம் தெரிஞ்சது அண்ணனுக்கும் உனக்கும்தாண்டி. அண்ணன் சொல்லுவாரா? நீதான் போன்ல கண்ட ஆப்புலயும் லோன் வாங்கினு கெடந்த. உங்கிட்டேர்ந்துதான் போயிருக்கும்!”

“நானா? உங்கப்பாவ நானும் அப்பான்னுதானடி கூப்புட்டேன்...”

என் மனைவி என்னை முறைத்தாள். “இன்னாய்யா, வாயே தொறக்காம நிக்கற? அந்தப் பொண்ணு அப்படிப்பட்டதா? சொல்லேன்!”

திறந்தேன். “ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க” என்றேன்.

அவ்வளவுதான்! என் முன்னால் ஒரு பொய் நின்றுகொண்டிருந்தது. முதல்முறையாக, அதை நான் திருத்தவில்லை.

மறுநாளே கலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். தேன்மொழி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போனாள். அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஏரி நிரம்பிய நாளையெல்லாம் எழுதி வைத்தவன், அந்த வாரத்தை மட்டும் எழுதவே இல்லை.

சென்ற வாரம் ஸ்ரீபெரும்புதூரில் கலாவைப் பார்த்தேன். சீருடையில், கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

“அண்ணா! நல்லா இருக்கீங்களா? தேனு போன் கீன் பண்ணாளா? தங்கச்சி காலேஜ் சேந்துச்சா?”

சேரவில்லை. எனக்குத் தெரியும். “தெரியலம்மா” என்றேன்.

“நான் சொல்லலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா நம்புவா.”

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள்.

நானும் கையசைத்தேன்...