முக்தாபென் மிஷினுக்கு வைத்த குங்குமம்

ராஜ்கோட்டில் எங்கள் எதிர் வீட்டு முக்தாபென்னுக்குத் தோற்கத் தெரியாது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். நூலின் நிறம் ஒரு துளி மாறித் தெரிந்தாலும் மொத்தத்தையும் பிரித்துத் தைப்பாள். வாடிக்கையாளரே போதும் என்றாலும் விடமாட்டாள். இப்படி ஒருத்தி வாய்த்ததால்தான் ஜெயசுக்பாய் என்ற மனிதர் இன்னும் உருப்படியாக நடமாடுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

அவள் புருஷன் ஜெயசுக்பாய் மாநகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், நாக்கு மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. மதியம் ஒரு மணிக்குச் சாத்திய கடைகளை எங்கள் ஊர் நாலு மணிக்குத்தான் திறக்கும். தெருமுனையில் பஜ்ஜி, பக்கோடா பொரிக்கும் பஜியாக் கடையில் எண்ணெய் காயும்போது முதல் ஆளாக இவர் நிற்பார். போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இனி பொரித்த பண்டத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இவரும் மனைவியின் தலையில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். முக்தாபென் நம்பவில்லை. இந்த மனுஷன் என்றைக்காவது கடை வாசலிலேயே விழுந்துவிடுவார் என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் வடோதராவிலிருந்து மகள் ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பினாள். கறுப்பாக, வழவழவென்று, இட்லிப் பானை உயரத்தில் இருந்தது. ஜெயசுக்பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்ன முக்தா, தலை காய வைக்கிற மிஷினா?"

"இதுலதான் இனிமே உங்களுக்குப் பஜியா. எண்ணெயே வேண்டாம்."

"எண்ணெய் இல்லாத பஜியாவா? அப்போ அதுக்குப் பேரை மாத்திடு."

முதல் நாள் அவள் வழக்கம்போல மாவைத் தளரக் கரைத்து, உருளைக்கிழங்கு வில்லைகளை முக்கிக் கூடையில் அடுக்கினாள். மாவு முழுக்கக் கூடையின் ஓட்டை வழியே ஒழுகி அடியில் அடை தட்டிவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் வெறும் உடம்போடு வெந்து கிடந்தது.

"பஜியா எங்கே? சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் குளிக்கப் போயிருக்கா?" என்றார் ஜெயசுக்பாய்.

மறுநாள் மாவைக் கெட்டியாகப் பிசைந்தாள். சாக்பீஸ் மாதிரி வந்தது. அதை வைத்துச் சுவரில் எழுதலாம் என்று அவர் எழுதியே காட்டினார். முக்தாபென் பதினோரு நாள் விடாமல் போட்டாள். ருசி பார்க்கும் வேலை எனக்கு. அந்தப் பதினோரு நாளும் என் வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் சூட்சுமம் பிடிபட்டது. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, உப்பும் ஓமமும் பிசறிக் கால் மணி நேரம் வைத்தாள். வெங்காயம் விட்ட தண்ணீரே போதும், தனியாக ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. கடலைமாவும் ஒரு பிடி அரிசிமாவும் தூவி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, உதிரியாகப் பிசறினாள். மிஷினை முன்னாலேயே சூடாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிள்ளிப் போட்டாள். பாதியில் திருப்பி லேசாக எண்ணெய் தடவினாள். கடித்தபோது மொறுமொறுவென்ற சத்தம் என் வீடு வரை கேட்டிருக்கும். ஜெயசுக்பாய் ஆறு தின்றுவிட்டு, "மோசமில்லை" என்றார். அந்த மனிதர் வாயில் அதற்கு மேல் வராது. அவள் அன்று முழுக்கப் பாடிக்கொண்டே தைத்தாள்.

பிறகு ஆவணி வந்தது, ஷீதளா சப்தமியும் வந்தது. எங்கள் பக்கத்தில் முதல் நாளே எல்லாவற்றையும் சமைத்துவிட்டு, அடுப்பைக் கழுவிக் குங்குமம் வைத்து ஆறவிடுவார்கள். இரவில் அம்மைத் தெய்வமான ஷீதளா மா வந்து ஆறிய அடுப்பில் புரண்டு உடம்பைக் குளிர்வித்துக்கொள்வாள். அடுப்பு சுட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. மறுநாள் முழுவதும் அடுப்பு மூட்டாமல் ஆறியதைத்தான் சாப்பிட வேண்டும். முக்தாபென்னின் மகள் மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தாள். அவள் பிழைத்த நாளிலிருந்து முக்தாபென் ஒரு சப்தமியும் தவறியதில்லை.

இந்த வருஷம் கம்பு மாவில் வெந்தயக்கீரை சேர்த்த வடையை ஏர் ஃப்ரையரிலேயே போட்டு முடித்தாள். கேஸ் அடுப்பைக் கழுவிக் குங்குமம் வைத்தாள். அதே கையோடு ஏர் ஃப்ரையரையும் துடைத்து அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"அடியே, மா இதுல எப்படிப் புரளுவா? கூடைக்குள்ள உக்காரத்தான் இடம் இருக்கு" என்று சிரித்தார் ஜெயசுக்பாய்.

"சோறு போடுற எதுவும் அடுப்புதான். வாயை மூடுங்க."

சப்தமியன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு நான் தைக்கக் கொடுத்த புடவையை வாங்கப் போனேன். ஜெயசுக்பாய் கூண்டுக்குள் அடைத்த மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"கௌரிபென், நீயே நியாயம் சொல்லு. இந்த மழைக்குச் சூடா நாலு பஜியா கேட்டேன். தப்பா?"

"இன்னிக்கு ஆறினதுதான்" என்றாள் முக்தாபென்.

"தீயே இல்லாத மிஷின்னு அஞ்சு மாசமா நீதான் பாட்டுப் பாடினே. தீ இல்லாதது எப்படிடி அடுப்பாகும்?"

"பொட்டு வச்சாச்சு. வச்சா அடுப்பு."

"அப்போ நான் கடைக்குப் போறேன். அவன் அடுப்புக்கு நீ பொட்டு வைக்கலையே!"

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனிதர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். சத்தியத்தை இப்படி நேருக்கு நேர் உடைத்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை. முக்தாபென் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு சமையலறைக்குப் போய், முந்தானையால் ஏர் ஃப்ரையரின் நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் அவர்.

"வெங்காயம் நறுக்கப் போறேன். மா கோவிச்சுக்கிட்டா நான் கால்ல விழுந்துக்குவேன். உங்களுக்கு ஏதாவது ஆனா நான் யார் கால்ல விழுறது?"

மிஷினைச் சூடாக்க அவள் விரல் பொத்தானுக்குப் போனது. ஜெயசுக்பாய் இரண்டே எட்டில் போய் வயரைப் பிடுங்கினார்.

"வேண்டாம் முக்தா. விடு."

"நீங்க போவீங்க."

"போகல." பிடுங்கிய வயரைக் கையிலேயே சுற்றிக்கொண்டு நின்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்... நடுவுல கடைக்குப் போயிருக்கேன். நீ தூங்குற நேரமாப் பாத்து. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு?"

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா வேற கடைக்குப் போயிடுவீங்க. இந்தக் கடைன்னா நம்ம ஜன்னல்ல நின்னாத் தெரியும். நீங்க கிளம்பினதும் எந்திரிச்சு வந்து நின்னுக்குவேன். விழுந்தா ஓடி வரணும்ல?"

ஜெயசுக்பாய் மழைக்கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தாங்கவில்லை, புடவையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். முக்தாபென் ஒரு தட்டில் நாலு வடையும் தயிரும் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். ஆறி விறைத்த வடையை அவர் ஒன்று விடாமல் தின்றார், ஒரு கிண்டல்கூட இல்லாமல்.

கோகுலாஷ்டமி விரதம் முடிந்த மறுநாள், சரியாக நாலு மணிக்கு, ஜெயசுக்பாய் வெந்தயக்கீரை ஆய உட்கார்ந்தார். தண்டும் இலையும் சேர்த்தே போட்டார். முக்தாபென் அவரைத் திட்டிக்கொண்டே மாவு பிசைந்தாள், ஜன்னல் பக்கம் போகவில்லை.