அவள் கேட்டு வாங்கிய பதில்

கொரோனா ஓய்ந்த மறு வருடம், குற்றாலத்தில் சாரல் சமயம். தென்காசியில் ஒரு மாடி வீட்டில் நானும் என் கல்லூரித் தோழியும் வாடகைக்கு இருந்தோம். மருத்துவ ஆராய்ச்சிகளுக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே. சன்னலைத் திறந்தால் சாரல் லேப்டாப் மேலேயே விழும். மூடவோ இருவருக்கும் மனசு வராது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அப்போது ஒரு மெட்டா அனாலிசிஸ் செய்துகொண்டிருந்தோம். ஒற்றைத் தலைவலிக்கான ஒரு மருந்தைப் பற்றிப் பல ஊர்களில் நடந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, மொத்தத்தில் பலன் உண்டா என்று பார்க்கும் வேலை. பிடிவாதமாக அந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். கல்லூரிக் காலத்திலிருந்தே அந்தத் தலைவலி அவளைப் பாடாய்ப் படுத்தியது. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. இந்த மருந்தாவது கேட்காதா என்று உள்ளூர அவளுக்கு ஆசை.

கணக்கும் அவள் ஆசைப்படியே வந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறதாம்! உடனே ஐந்தருவிக்குக் கிளம்பலாம் என்று நான் துண்டை எடுத்துவிட்டேன். அவள் அசையவில்லை.

"குளிச்சவுகதான்ட்டி போட்டோ போடுதாவ. தண்ணி இல்லன்னு திரும்பிப் போனவுக யாரும் போடுதாவளா?" என்றாள்.

பலன் தராத ஆய்வுகளைச் சிலர் வெளியிடாமலே விட்டுவிடுவது உண்டு. அப்படி விட்டவர்களைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பினாள். "நமக்கு நாமளே ஆப்பு வைக்கணுமாட்டி?" என்று நான் கத்தியதுதான் மிச்சம்.

பதில்கள் வந்தன. அவர்களிடம் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவற்றையும் சேர்த்ததும் எங்கள் முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. அன்று பார்த்து அவளுக்குத் தலைவலி வேறு. அறையை இருட்டாக்கி, கண்மேல் ஈரத்துணியைப் போட்டுப் படுத்திருந்தாள்.

"இதெல்லாம் சேக்காம விட்டா யாருக்குட்டி தெரியப் போவுது?" என்று அவளே கேட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "என்னய மாதிரி எத்தன பேரு நம்பிச் சாப்பிடுவாவ. நீ டைப் பண்ணு, நான் சொல்லுதேன்" என்றாள்.

"இந்த மருந்தால் பலன் உண்டென்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது." துணியை எடுக்காமலே அவள் சொல்ல, நான் அடித்தேன்.

இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். எனக்குப் பிடித்த முடிவு கணக்கில் வரும்போதெல்லாம், இதற்கு மாறாகச் சொல்ல யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று தேடிவிட்டுத்தான் சந்தோஷப்படுகிறேன். தன் வலிக்கு எதிராகவே உண்மையைச் சொன்னவளுக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.