ஆறிய வண்டி, கொதிக்கிற முள்

முன்சீட்டில் மஸ்தான் பாய். பின்சீட்டில் அவர் மகள் ஜமீலா. ஸ்டியரிங்கில் நான். அப்புறம் டேஷ்போர்டில் ஒரு முள்.

அந்த நாலாவது ஆள்தான் போன வியாழக்கிழமை என் உயிரை வாங்கியது.

பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூருக்குப் போகிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை. பதினோரு மணிக்கு ஜமீலாவை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிடும்போது அவள் இல்லையென்றால் வேலை வெளியே உட்கார்ந்திருக்கும் அடுத்த பெண்ணுக்கு. மகளை வேலைக்கு அனுப்ப பாய்க்கு அரை மனசு. வீட்டம்மா பேச்சுக்காகக் கிளம்பினார்.

யுத்தத்துக்கு முந்திய ப்ளஷர் கார். இன்ஜின் சூட்டைக் காட்ட அதில் ஒரு மீட்டர் உண்டு. பொன்னேரி தாண்டியதும் முள் ஒரு துள்ளு துள்ளி 212-ல் போய் நின்றது. ஃபாரன்ஹீட்டில் அது தண்ணி கொதிக்கிற சூடு.

நிறுத்து என்றார் பாய்.

நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை. ஃபேன் பெல்ட் சரி. ரேடியேட்டரில் தண்ணி தளும்புகிறது. மீட்டர்தான் கெட்டிருக்கு பாய் என்றேன்.

அவர் கருவாட்டு வியாபாரி. தராசு முள்ளைப் பார்த்தே தாடி நரைத்தவர். முள் பொய் சொல்லுமா என்று என்னைக் கேட்டார்.

ஆறவிட்டுக் கிளம்பினோம். பஞ்செட்டியில் மறுபடி நிறுத்து. இந்தத் தடவை குளத்துத் தண்ணியை இன்ஜின் மேலேயே ஊற்றச் சொன்னார். ஊற்றினால் இன்ஜினின் ஹெட் மூடி விரிசல் விடும். மாட்டேன் என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

பெரியபாளையம் டீக்கடை வாசலில் மூன்றாவது நிறுத்தம். மணி பத்து ஆகப் போகிறது.

"திரும்பிடலாம் முனுசாமி. வண்டிக்கே இஷ்டமில்ல பாரு."

வண்டிக்கா? மனசு வராத காரியத்துக்கு எந்த முள்ளும் சாட்சி சொல்லும்.

எனக்குப் பேச வராது. டீக்கடையில் ஒரு பக்கெட் கிணற்றுத் தண்ணி வாங்கினேன். மீட்டரிலிருந்து மெல்லிசான செப்புக் குழாய் ஒன்று இன்ஜினுக்குப் போகும். அதன் நுனியில் ஒரு குமிழ். அதைக் கழற்றிப் பக்கெட்டில் முக்கினேன். பாயைப் பார்க்கச் சொன்னேன்.

212.

தண்ணியை மாற்று என்றார். மாற்றினேன். 212. இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றார். பச்சைத் தண்ணி... எதுவரைக்கும் ஆறும்?

பின்சீட்டில் ஜமீலா கண்ணாடியை இறக்கினாள்.

"வாப்பா, நம்ம கடையில வெறுந்தட்டுல முள்ளு நடுவுல நிக்கலைன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தராசைத் தூக்கிக் கடாசிடுவேன்."

"அப்ப வண்டில ஏறுங்க."

பாய் பக்கெட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளாஸ் கழுவினார்.

குமிழை மாட்டினேன். பாய் ஏறினார். முன்சீட்டில் இல்லை, பின்சீட்டில். அங்கிருந்து முள் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிடும்போது ஜமீலா படியேறிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை சேரவேண்டும். திருவள்ளூரில் மாமி வீட்டில் தங்கப்போகிறாள்.

நேற்று காலை பாய் கார் ஷெட்டுக்கு வந்தார். பெட்டி படுக்கையோடு அவ்வளவு தூரம்... வண்டி தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். எதுக்கும் முள் இன்னா சொல்லுதுன்னு ஒரு தடவை பார்த்துடு என்றார்.

மூன்று நாளாக எடுக்காத வண்டி. இன்ஜின் ஜில்லென்று கிடக்கிறது. பார்த்தேன்.

212.