கோபத்தோடு போட்ட பிடியரிசி

சபையார் அனைவருக்கும் தோத்திரம். கர்த்தர் நல்லவர் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் அதைச் சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. என்னைத் தெரிந்தவர்கள் அதை எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுபோய் ஊரெல்லாம் அரைவயிற்றுக் கஞ்சி. அப்போதுதான் என் மகள் கிருபைக்கு மலைக்காய்ச்சல் வந்தது. ஏழு வயது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து தூக்கித் தூக்கிப் போடும். வீட்டில் இருந்த துணியையெல்லாம் மேலே போட்டு, அதன்மேல் நானும் படுத்துக்கொள்வேன். நடுக்கம் என் உடம்பிலும் ஏறும். பிள்ளையின் கண் மஞ்சளித்து, கை கால் குச்சியாகிவிட்டது.

அவள் படுக்கையில் விழுமுன்னே இரண்டு ஆண் பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தவள் நான். மூத்தவன் சாமுவேல் இதே காய்ச்சலில்தான் போனான். சின்னவன் யோனாவை மறுவருஷம் பேதி கொண்டுபோயிற்று. இரண்டு அடக்கத்திலும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். ஆண்டவர் நேசித்தார், எடுத்துக்கொண்டார், எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்றார்கள். பெட்டியை மூடுமுன்னே என்னைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னவர்கள் எல்லாரும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை.

சபைக்குப் புதிதாய் வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நம் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கலயம் இருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி, ஸ்தோத்திரம் என்று சொல்லி அதில் போடுவோம். அது ஆண்டவருக்கு. சனிக்கிழமை உபதேசியார் வீட்டம்மா சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். யோனாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றே அந்தக் கலயத்தைக் கவிழ்த்து வைத்தேன். அந்த அம்மாள் சனிக்கிழமைதோறும் வாசலில் நின்று கவிழ்ந்த கலயத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என் வீட்டுக்காரர் இலஞ்சியில் தென்னந்தோப்புக் காவல். பூனை பாலைக் கொட்டினாலும் ஸ்தோத்திரம் என்கிற மனுஷர். கிருபை கிடந்த கிடப்பைப் பார்த்தும் அதையேதான் முணுமுணுத்தார். இன்னொரு தடவை அந்தச் சொல் காதில் விழுந்தால் தோப்பிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். பாவம், அதன் பிறகு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கொயினா ஒன்றுதான். முன்பெல்லாம் தபாலாபீசிலேயே பொட்டலம் போட்டு விற்பார்கள். ஜாவாவைச் சப்பான்காரன் பிடித்த பிறகு அது அருமையாகிவிட்டது. இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். தென்காசியில் நான் ஏறி இறங்காத கடை இல்லை.

ஒரு நாள் காலையில் கஞ்சிக்கு அரிசி களைய உட்கார்ந்தேன். பாயில் கிடந்தபடியே கிருபை கூப்பிட்டாள்.

"யம்மா, அரிசி போட்டியா?"

கலயம் நிமிர்ந்திருந்த காலத்தில் அதில் அரிசி போடுவது அவள் வேலை. நான் கவிழ்த்து வைத்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறாள். போடவில்லை என்றேன். பிறகு, "நான் போடட்டா?" என்றாள். எழுந்து உட்காரக்கூட முடியாத பிள்ளை.

எனக்கு வந்த கோபம் பிள்ளைமேல் இல்லை. எழுந்துபோய்க் கலயத்தை நிமிர்த்தினேன். ஒரு பிடி அள்ளி வீசினேன். பாதி கலயத்தில் விழுந்தது, பாதி தரையில் சிதறிற்று. "இந்தா, எடுத்துக்கிடும்" என்றேன். அதுதான் என் ஜெபம். ஸ்தோத்திரம் என்ற சொல் வாயில் வரவில்லை. தரையில் சிந்தியதை மட்டும் பொறுக்கி உலையில் போட்டேன்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் வீசினேன். ஆனால் வீசும்போது என்னையறியாமல் ஒரு பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டுப்பால் கிடைச்சதே, அதுக்கு இது; காய்ச்சலுக்கு இல்லை, அதுக்கு நீர் பதில் சொல்லணும் என்றேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இருக்கிற ஒன்றைச் சொல்லி ஒரு பிடி போடுவேன். இல்லாததைச் சொல்லிச் சண்டை போடுவேன்.

அப்போது குற்றாலத்தில் சீசன். ஒரு பங்களாவில் துரை குடும்பம் தங்கியிருக்கிறது, அவர்களிடம் கொயினா இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு விடிந்ததும் நடந்தேன். வாசல்காரன் உள்ளே விடவில்லை. துரை தூங்குகிறாராம். காத்திருந்தேன். பிறகு துரை சாப்பிடுகிறாராம். அதன் பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு அவன் பாட்டுக்கு உள்ளே போய்விட்டான். சாரலில் நனைந்துகொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எத்தனை கூப்பிட்டும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. அருவிச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை.

வெறுங்கையோடு திரும்பினேன். அன்று பிள்ளைக்குக் குளிர் வரும் நாள். அது வருமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தால், வழியில் ஓடை பெருகிக் கிடக்கிறது. மலையில் பெய்த மழை. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை இப்போது மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு போகிறது. இந்தக் கரையில் நான். அந்தப் பக்கம் என் பிள்ளை.

அங்கேதான் எனக்குக் கட்டுக் கழன்றது. வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ரெண்டு புள்ளையளக் குடுத்துட்டேன். மூணாவதையும் கேக்கீராக்கும்? நான் கேட்டது ஒரு கொயினா. நீரு அனுப்புதது தண்ணி. இதுக்கும் நான் ஸ்தோத்திரம் சொல்லணுமோ?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். கோயிலுக்குள் சொல்லக்கூடாதவை. கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன். தொண்டை கட்டுகிறவரை ஏசினேன்.

எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஆலமரத்தடியில் ஒரு வண்டி நின்றதை நான் கவனிக்கவில்லை. திரை போட்ட வில்வண்டி. அருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்புகிற ராவுத்தர் வீட்டுப் பெண்கள், ஓடை வடியக் காத்திருந்தார்கள். திரையை விலக்கி நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி கூப்பிட்டாள்.

"ஏ தாயி, யார ஏசுத? புருசன் அக்கரையில நிக்கானா?"

"இல்லம்மா. ஆண்டவர ஏசுதேன்."

அந்த அம்மாள் வண்டியிலிருந்து தலையை நீட்டினாள். பிறகு கேட்டாள், "கொயினான்னு சத்தம் போட்டியே, யாருக்கு?"

சொன்னேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து துணிக்குள் துழாவி ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். அவள் மகன் ஏலக்காய் வியாபாரத்துக்கு மலைக்குப் போகிறவனாம். போன வருஷம் காய்ச்சலில் விழுந்து பிழைத்தவனாம். அன்றிலிருந்து எங்கே போனாலும் அந்தக் குப்பி கூடவே வருமாம். மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடு, கஞ்சி குடித்த பிறகு கொடு என்று சொல்லிக் குப்பியோடு என் கையில் வைத்தாள்.

எனக்கு நன்றி சொல்லக்கூடத் தொண்டையில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எனக்கு எதுக்குட்டி? யார ஏசிக்கிட்டு நின்னியோ, அவர்ட்டயே போய்ச் சொல்லு."

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. வண்டியிலேயே என்னை ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழையும்போது கிருபை நடுங்கி ஓய்ந்து வேர்த்துக் கிடந்தாள். அன்றைக்கே முதல் பாதி மாத்திரையைக் கொடுத்தேன். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். அடுத்த முறையும் குளிர் வந்தது, ஆனால் லேசாக வந்தது. அதன் பிறகு வரவேயில்லை. ஆடி மாதம் அவளே எழுந்துவந்து, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, தன் சின்னக் கையால் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டாள். நான் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதேன்.

இதை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஓடை வற்றிக் கிடந்திருந்தால் அந்த வண்டியும் நின்றிருக்காது, நானும் வீட்டுக்கு ஓடியிருப்பேன். நல்ல விசுவாசி மாதிரி உதட்டுக்குள் ஜெபித்திருந்தால் அந்த அம்மாளுக்குக் கேட்டிருக்காது. நான் ஏசியதையும் ஆண்டவர் ஜெபமாக எடுத்துக்கொண்டார். எந்தத் தண்ணீருக்காக அவரை ஏசினேனோ, அதை வைத்துத்தான் வண்டியையும் நிறுத்தினார், என்னையும் நிறுத்தினார்.

அந்த வருஷமே என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு பிள்ளைகளை எடுத்து எனக்குப் பாடம் படிப்பித்தார் என்று சேர்த்துச் சொல்லும்படி அப்போதிருந்த உபதேசியார் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். பிள்ளையைக் கொன்று பாடம் படிப்பிக்கிறவர் என் ஆண்டவர் இல்லை என்றேன். அதனால்தான் இத்தனை வருஷம் என் முறை வரவில்லை. இப்போது வந்திருக்கிற உபதேசியாருக்கு என்னைப்பற்றி இன்னும் சரியாகத் தெரியாது.

சாமுவேலையும் யோனாவையும் எடுத்ததற்கு இன்றுவரை நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை. அவர்களை எனக்குக் கொடுத்ததற்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஓடைக்கும் சொல்லியிருக்கிறேன். அந்த ராவுத்தர் வீட்டு அம்மாளுக்காகத் தினமும் சொல்கிறேன். அந்த வாசல்காரனை மன்னிக்க இன்னும் முடியவில்லை, அதையும் அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அருமையானவர்களே, உங்களில் யாராவது கலயத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் இன்றைக்குப் போய் நிமிர்த்துங்கள். சிரித்துக்கொண்டு போட வராவிட்டால் ஏசிக்கொண்டே போடுங்கள். இல்லாததற்கு நன்றி சொல்ல வேண்டாம், பொய்யை அவர் கேட்கவில்லை. இருக்கிற ஒன்றைச் சொல்லி ஒரு பிடி போடுங்கள். இன்று காலையிலும் நான் அவரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அரிசி போட்டாயிற்று.