டாரல் அக்ராய்டின் ஒரே உதை

முன்பற்கள் நான்கையும் கழற்றி மனைவி மெலனியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டாரல் அக்ராய்ட், மோதலில் கிழியாமலிருக்கக் காதுகளைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். மின்சார வேலைக்காரர்கள் பயன்படுத்தும் நாடா. கிளப்பில் மருத்துவ நாடா பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. "அது பியூட்டி பார்லருக்குத்தான் ஆகும்" என்பது அவர் கட்சி. பதினேழு வருடமாக ஞாயிறு மதியம், ஆட்டக்காரர்கள் நுழையும் வாசலில் இதே காட்சிதான்.

எங்கள் ஊர் ஆக்ஸ்லியில் எங்கள் தெருக் குப்பையை அள்ளுபவரும் அவர்தான். எங்களுடையது சின்ன கிளப். சம்பளம் வாங்கிக்கொண்டு ரக்பி லீக் ஆடினாலும் வாரநாட்களில் வேறு வேலை பார்த்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை வீங்கிய கண்ணோடு வண்டியிலிருந்து இறங்குவார். பிக்கர்ஸ்கில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"டாரல் கண்ணு, நேத்து அந்தப் பந்தை ஏன்யா கீழ விட்ட?"

"நீங்க ஜின் பாட்டிலைக் கொண்டுபோய் பேப்பர் தொட்டியில போடுறீங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

டாரல் முன்வரிசை ஆள். நூற்றுப் பதினெட்டு கிலோ. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மூன்று தடியர்கள் மேல் நேராகப் போய் விழுவார். எழுந்து மறுபடி விழுவார். மூக்கு ஐந்து முறை உடைந்திருக்கிறது. இப்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்வது கஷ்டம். ஓரத்தில் ஓடி கோட்டுக்கு அப்பால் பந்தை வைக்கும் ஒல்லிப் பையன்களின் படம்தான் பேப்பரில் வரும். அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "அழகான பசங்க உள்ள போகணும்னா எவனாவது கதவை உடைக்கணும்ல?"

முப்பத்தேழு வயதில், முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, போன செப்டம்பரில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நாங்கள் மேல் பிரிவுக்குப் போவோம். சமன் ஆனால்கூட எதிரணிதான் போகும்.

எங்கள் மைதானத்தில் புள்ளிப் பலகை இன்னும் தகரத்தில்தான். எண்களை ஆணியில் மாட்டுபவர் நெவில். எதிரணி உதைத்த ஒரு பந்து கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. நடுவர் இரண்டு புள்ளி கொடுத்தார். நெவில் கொடுக்கவில்லை. "அது போகவே இல்ல, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடுவரை நம்பும் பழக்கம் ஆக்ஸ்லியில் எவருக்கும் கிடையாது. ஆட்டக்காரர்கள் உட்பட ஊரே பலகையைத்தான் நம்பியது.

கடைசி நிமிடம். எங்கள் பையன் ஒருவன் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான். நான்கு புள்ளி. பலகையில் பதினெட்டு–பதினாறு. ஜெயித்தாகிவிட்டது! இனி பாக்கி, பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் இரண்டு புள்ளி மட்டும்தான். ஜெயித்த ஆட்டமாக இருந்தால், ஓய்வு பெறும் முன்வரிசைக் குண்டனிடம் அந்த உதையை வேடிக்கைக்காகக் கொடுப்பது எங்கள் வழக்கம். எப்போதும் உதைக்கும் கீரன், குனிந்து வணங்கிப் பந்தை டாரலிடம் நீட்டினான். மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது.

டாரல் பந்தை நிறுத்தி வைத்தபோது நடுவர் வந்து, "உங்க பலகை தப்புப்பா. பதினெட்டு–பதினெட்டு" என்றார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி வீசினார். கீரன் வெளிறிப்போய் ஓடிவந்தான்.

"அண்ணே, பந்தைக் குடு."

"இன்னிக்கு எத்தனை தவறவிட்ட?"

"ரெண்டு."

"நான் பதினேழு வருஷத்துல ஒண்ணுகூட தவறவிட்டதில்ல."

"நீ ஒண்ணுகூட உதைச்சதே இல்லையேண்ணே!"

"அதத்தாண்டா சொல்றேன். தள்ளி நில்லு."

என் பக்கத்தில் மெலனி வேலியில் பாதி ஏறிவிட்டாள். "பாவி மனுஷா, அவன்கிட்ட குடுத்துட்டு வாய்யா!"

அவருக்குக் கேட்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள்போல வளைந்து வந்து உதைக்காமல், நேராக நான்கு அடி ஓடி, பூட்ஸின் நுனியால் ஒரு குத்து. பந்து அசிங்கமாக ஆடிக்கொண்டே போனது. குறுக்குக் கம்பத்தின் மேல் ஒரு முறை பட்டது. பட்டு, அந்தப் பக்கம் விழுந்தது.

கம்பங்களுக்கு அடியில் நின்ற துணை நடுவர்களின் இரண்டு கொடிகளும் உயர்ந்தன. நான் வெட்கமில்லாமல் அழுதேன். முன்பின் தெரியாத ஒருவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இருபதை மாட்டும் அவசரத்தில் நெவில் எண்ணைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். யாரும் குறை சொல்லவில்லை. மேல் பிரிவுக்கு நாங்கள்தான் போனோம்.

ஆனால் அந்தக் கணத்தில் இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது. ஆட்டத்தை மறுபடி தொடங்க எதிரணி ஆத்திரத்தோடு பந்தை எங்கள் பக்கம் உதைக்கும்; அதைப் பிடித்து முதலில் ஓடுபவன் மேல் அத்தனை பேரும் வந்து விழுவார்கள். பையன்கள் டாரலின் முதுகில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவராக உதறி இறக்கிவிட்டு, நொண்டிக்கொண்டே எங்கள் கோட்டருகே போய் நின்றார். உள்ளங்கைகளில் துப்பித் தேய்த்துக்கொண்டார். பிறகு எதிரணி உதைகாரனைப் பார்த்து, தன் மார்பில் இரண்டு முறை ஓங்கித் தட்டிக் காட்டினார்.

"இங்க போடு ராசா, இங்க!"