எட்டு வால்வுக்கும் பொட்டு

எனக்குக் கோவம் மூக்கு நுனியில. சிதம்பரத்துல ஷெட்டு போட்டு கார் இன்ஜின் வேல பாத்த வருஷங்கள்ல, என் வாய்க்குப் பயந்தே எதிர்த்த டீக்கடைக்காரரு டம்ளர வெச்சுட்டு ஓடிருவாரு. கை சுத்தம், வாய்தான் மோசம்னு எனக்குப் பேரு. அதையும் பெருமையா நெனச்சுகிட்டுத்தான் திரிஞ்சேன், 2011 ஆயுத பூஜை வரைக்கும்.

அந்த வண்டி ஒரு பழைய வெள்ளை டீசல் கார். ஓனரேதான் டிரைவர், காட்டுமன்னார்கோயில் பக்கம். ஒரு காலத்துல வாடகைக்கு ஓட்டுனவரு. சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போனதுக்கப்புறம் அந்த வண்டிக்கு ஒரே சவாரிதான். செவ்வாயும் வெள்ளியும் கடலூருக்குக் கூட்டிட்டுப் போயி, டயாலிசிஸ் முடிச்சு, பின்சீட்டுல படுக்க வெச்சு கூட்டியாருவாரு. அந்தம்மா என்ன அண்ணேன்னு கூப்புடும். அந்த மொறையில அவரு எனக்கு மச்சான்.

ஒரு வெள்ளிக்கெழம திரும்பி வர்றப்ப ரேடியேட்டர் ஹோஸ் விட்டுடுச்சு. சம்சாரம் பின்னால முடியாம கெடக்கு, நடுரோட்டுல நிறுத்த மனசு வராம, சூடு ஏற ஏற ஓட்டிட்டே வந்திருக்காரு மனுஷன். என் ஷெட்டுக்குள்ள நொழையும்போதே வெள்ளைப் பொகை. ஆயில் கம்பிய உருவிப் பாத்தா, ஆயில் பால் டீ கலர்ல இருக்கு. தண்ணி உள்ள பூந்துடுச்சு. இன்ஜினுக்கு மேல இருக்கற பாகத்த ஹெட்டுன்னு சொல்லுவோம், அதக் கழட்டியே ஆகணும்.

செவ்வாய்க்கெழம வண்டி இல்லாம பஸ்ஸுல போனாங்க. திரும்பறப்ப லீவு கூட்டம். நின்னுகிட்டே வந்த பொம்பள பாதி வழியில மயங்கி விழுந்துடுச்சாம். "வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துரு மச்சான். வாடகைக்கும் ஒரு வண்டி கெடைக்கல. இன்னொரு தடவ பஸ்ஸுன்னா இவ தாங்க மாட்டா"ன்னாரு. போகாம இருந்தா அதைவிட மோசம், ஒடம்பெல்லாம் ஊதி மூச்சு முட்டும். கண்டிப்பா குடுத்துர்றேன்னு தலைய ஆட்டிட்டேன்.

ஹெட்ட முன்னாடியே திருப்பாதிரிப்புலியூர் லேத்துல குடுத்து மட்டம் பண்ணியாந்திருந்தேன். அதுல எட்டு வால்வு. காத்து உள்ள வர பெருசு நாலு, பொகை வெளிய போக சிறுசு நாலு. ஒவ்வொண்ணையும் அதது உக்கார்ற குழியில பேஸ்ட்டு தடவி, மோர் கடையற மாதிரி குச்சிய உள்ளங்கையில உருட்டி உருட்டித் தேய்ச்சுப் பதிய வெக்கணும். பதிஞ்சுட்டா அந்த வால்வு அந்தக் குழிக்கு மட்டுந்தான். பக்கத்துக் குழியில போட்டா காத்து கசியும், காலையில வண்டி ஸ்டார்ட்டே ஆவாது. செவ்வாய்க்கெழம சாயங்காலம் எட்டையும் தேய்ச்சு முடிச்சு, பேப்பர் மேல வரிசையா வெச்சேன். நம்பர் போடல. எனக்கெதுக்கு நம்பரு, வரிசதான் மண்டையில இருக்கேன்னு ஒரு திமிரு.

மறுநாள் ஆயுத பூஜை. ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வெச்சு சாமி முன்னால வெச்சாச்சுன்னா, விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். வேல பாதியில நிக்குற வண்டின்னாலும் அப்படித்தான். வண்டிக்குப் படைக்கணும்னு மச்சானும் அந்தம்மாவும் வந்திருந்தாங்க. பொரி கடல குடுத்து, "இருங்க, எங்க மாமா ரைஸ்மில்லு பூஜைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்"னு கெளம்பிட்டேன். திரும்பறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. அவுங்க ஷெட்ட பூட்டி டீக்கடையில சாவி குடுத்துட்டுப் போயிருந்தாங்க.

விஜயதசமி காலையில கதவத் தெறந்தா, அடப்பாவிங்களா! எட்டு வால்வும் புளி போட்டுத் தேய்ச்ச குத்துவிளக்காட்டம் பளபளன்னு நிக்குது. கெரசின்ல கழுவி, பெருசெல்லாம் ஒரு வரிச, சிறுசெல்லாம் ஒரு வரிச. ஒவ்வொண்ணு தலையிலயும் சந்தனம், குங்குமம்.

மச்சான் வந்தாரு.

"யாருய்யா இதத் தொட்டது?"

ஒரு நிமிஷம் வால்வையே பாத்தாரு. "நாந்தான் மச்சான். அழுக்கா இருந்துச்சேன்னு..."

"அறிவிருக்கா உனக்கு? எது எந்தக் குழிக்குன்னு இப்ப எவன் சொல்லுவான்? நாளைக்கு உன் பொண்டாட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதுக்கு நீதான்யா காரணம்!"

டீக்கடைக்காரரு, ரெண்டு ஆட்டோக்காரங்க, எல்லாரும் வேடிக்க பாக்குறாங்க. மச்சான், "இப்ப என்ன பண்ணணும்?"னு மட்டும் கேட்டாரு.

எட்டையும் மறுபடி தேய்க்கணும், வேற வழியில்ல. நாலு நான், நாலு அவரு. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கல. மனுஷனுக்கு உள்ளங்கைத் தோல் உரிஞ்சுபோச்சு. இந்தத் தடவ ஒரு அட்டையில ஓட்ட போட்டு, நம்பர் எழுதி, பதிஞ்சது பதிஞ்சதா சொருகுனேன். எட்டையும் ஹெட்டுல மாட்டி முடிச்சு, கெரசின் ஊத்திப் பாத்தோம். ஒரு சொட்டு கசியல. ஹெட்ட வண்டியில ஏத்தி முறுக்கி, பொழுது சாயறப்ப இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு. அந்தச் சத்தம் கேட்டு மச்சான் பானெட்டு மேல கைய ஊனிகிட்டு அழுதுட்டாரு. எனக்கும் கண்ணு கலங்குச்சு. மன்னிப்புக் கேக்கத்தான் வாய் வரல.

வெள்ளிக்கெழம காலையில கடலூர் போற வழியில, நான் சொன்னபடி தண்ணி மட்டம் காட்ட வந்தாங்க. மச்சான் டீக்கடைப் பக்கம் போனதும் அந்தம்மா கண்ணாடிய எறக்குச்சு.

"அவர ஏண்ணே அப்படித் திட்டுனீங்க? கழுவுனது நான்."

பானெட்ட விட்டுட்டு கண்ணாடிகிட்ட வந்தேன்.

"நீங்க போனப்புறம் அவரு பூ வாங்கப் போனாருண்ணே. என்னத் தூக்கிட்டுப் போற இன்ஜினுக்கு நானும் என் கையால ஏதாச்சும் செய்யணும்னு இருந்துச்சு. திட்டு வாங்குனத வீட்டுல வந்து சொல்லவே இல்ல. கை உரிஞ்சிருக்கறதப் பாத்து நோண்டி நோண்டிக் கேட்டப்புறந்தான் சொன்னாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மறுபடி பேசுச்சு. "எனக்கு ரத்தம் சுத்தம் பண்ற ஃபில்டர்ல என் பேரு எழுதியிருக்கும்ணே. கழுவி வெச்சு, அடுத்த தடவையும் எனக்கு அதத்தான் போடணும். மாத்திப் போட்டா உசுருக்கு ஆபத்து. அதனால பேரப் படிச்சுப் பாத்துட்டுத்தான் கைய நீட்டுவேன். உங்க வால்வுலயும் ஏதாச்சும் எழுதியிருக்கான்னு தேடுனேண்ணே. ஒண்ணும் இல்ல. எது எங்க போட்டாலும் ஒண்ணுதான் போலன்னு நெனச்சுட்டேன்."



மச்சான் வந்தாரு. ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருந்தாரு. நான் ஷெட்ட பூட்டிட்டு, "நீங்க பின்னால தங்கச்சிகூட உக்காருங்க"ன்னு வண்டிச் சாவிய வாங்கிகிட்டேன். அவரு வேணாம் வேணாம்னாரு, நான் விடல. கடலூருக்குள்ள நொழஞ்சு செம்மண்டலம் வந்தப்பதான் எனக்கு வாய் வந்துச்சு.

"மச்சான், தப்பு என்னோடதுதான். நம்பர் போடாம விட்டவன் நான். என்ன மன்னிச்சுடுங்க."

"மெதுவா பேசு மச்சான்"ன்னாரு பின்னாலருந்து. "இப்பத்தான் தூங்குறா."